வியாழனுக்குள் என்ன இருக்கிறது? – கேள்வி பதில்

கவிதா: வியாழனும் சூரியனும் ஒரே சரக்கால் ஆனவை என்கிறார்களே, நிஜமா?

கிட்டத்தட்ட நிஜம். இரண்டிலும் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம். மீதி சொற்பம். ஆனால் விஷயமே அந்தச் சொற்பத்தில்தான் இருக்கிறது. 1995 டிசம்பர் 7 அன்று கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக்கூடு பாராசூட்டில் தொங்கியபடி வியாழனுக்குள் இறங்கியது. சுமார் 58 நிமிடம் தகவல் அனுப்பிவிட்டு, வெப்பத்திலும் அழுத்தத்திலும் அடங்கிப்போனது. அதற்குள் அது அளந்து சொன்னது: கார்பன், ஆர்கான் போன்றவை சூரியனில் இருக்கும் விகிதத்தைப் போல சுமார் மூன்று மடங்கு. நியான் மட்டும் பத்தில் ஒரு பங்கு! ஆழத்தில் ஹீலியம் துளித்துளியாகப் பிரிந்து மழையாக இறங்குகிறது, நியான் அதில் கரைந்து கூடவே போய்விடுகிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு மிகவும் பிடித்த மழை இது.

முருகன்: அவ்வளவு ஹைட்ரஜன் இருந்தும் ஏன் பற்றி எரியவில்லை, சார்?

தீக்குச்சி கிழித்துப் போட்டாலும் பற்றாது, எரிய ஆக்சிஜன் வேண்டுமே. சூரியனில் நடப்பது அணுக்கரு இணைவு, அதாவது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஹீலியம் ஆவது. அதற்கு வியாழனின் எடை போதாது. சூரியன் வியாழனைப் போல 1,047 மடங்கு கனம். வியாழனைப் போல 13 மடங்கு இருந்தால் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் மட்டும் இணையும், அது கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட பழுப்புக் குறுமீன். விண்மீனாக வேண்டுமென்றால் சுமார் 80 மடங்கு தேவை.

ரஹீம்: அங்கே கால் ஊன்ற இடம் உண்டா?

கிடையாது. ‘வாயுக் கோள்’ என்ற பெயரே பாதிப் பொய். கீழே போகப்போக ஹைட்ரஜன் எல்லைக்கோடு எதுவும் இல்லாமல் திரவமாகி, அப்புறம் மின்சாரம் கடத்தும் உலோகம்போல ஆகிவிடுகிறது. நடுவில் கெட்டியான பாறை உருண்டை இருக்கும் என்றுதான் நினைத்திருந்தோம். 2016இல் வியாழனுக்குப் போய்ச் சேர்ந்த ஜூனோ விண்கலத்தின் ஈர்ப்பு அளவீடுகளோ, மையக்கரு கரைந்து பரவிக் கிடப்பதாகக் காட்டுகின்றன.

செல்வி: சனி தண்ணீரில் மிதக்குமாமே?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை! சராசரி அடர்த்தி தண்ணீரில் 0.69 பங்குதான், கணக்குப்படி மிதக்கும். வாளிக்குத்தான் எங்கே போவது?

ஜெயந்தி: யுரேனஸும் நெப்டியூனும் இதே ரகமா?

இல்லை. அவற்றில் ஹைட்ரஜனும் ஹீலியமும் மேல்போர்வை மட்டும். எடையில் பெரும்பகுதி தண்ணீர், அம்மோனியா, மீத்தேன், பாறை என்பதுதான் வழக்கமான கணிப்பு. நீலம் மீத்தேனால் வருவது.

முருகன்: நம் பூமி?

எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு. அதற்கு அடுத்தபடி ஆக்சிஜன், சுமார் 30 சதவீதம். அதில் மிகப் பெரும்பகுதி காற்றில் இல்லை, கல்லுக்குள் இருக்கிறது.