துணிப்பையை யார் சுமப்பது?

கேள்வி: தேசிய சேவை முடித்து, ஆகஸ்டில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஹாலில் (மாணவர் விடுதியில்) சேர்ந்தேன். இருவர் தங்கும் அறை, ஏர்கான் கிடையாது. ரூம்மேட் இரவு ஒரு மணிக்கு மேல்தான் வருகிறான். வந்ததும் ஜன்னலை அகலத் திறந்து வாசனை ஸ்பிரே அடிக்கிறான். ரூம் நாறுகிறது என்று முணுமுணுக்கிறான். அவமானமாக இருக்கிறது. இப்போது இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, படிப்பும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா துவைத்த துணியோடு தெம்பனிசிலிருந்து வருவார். முட்டிவலியோடு மாடி ஏறி வந்தும், என் முகத்தைப் பார்த்து அவர்தான் கவலைப்படுகிறார். அறையை மாற்றிக் கேட்கவா, வீட்டுக்கே திரும்பிவிடவா?
— ஹால்வாசி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: ரூம்மேட்டைப் பற்றிய கடிதங்களுக்கு இந்தப் பகுதியில் பஞ்சமே இல்லை. அவரைப் பற்றிப் பிறகு பேசலாம் தம்பி. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

'துவைத்த துணியோடு வருவார்.' அப்படியென்றால் அழுக்குத் துணியைத் திரும்ப எடுத்துப்போகிறவரும் அவர்தான். தெம்பனிசிலிருந்து பூன் லே வரை, கிழக்கு மேற்கு ரயில் பாதையின் ஏறக்குறைய இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. ரயிலிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும். பிறகு 179 பேருந்து, அதற்குப் பிறகு உங்கள் மாடிப்படி. ஜீன்ஸ், துண்டு, படுக்கை விரிப்பு எல்லாம் சேர்ந்த ஒரு வார மூட்டை ஆறேழு கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்கிக்கொண்டு முட்டிவலிக்காரர் ஒருவர் இறங்கிப் போகிறார், நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

நீங்கள் இரண்டு ஆண்டு முகாமில் இருந்து வந்தவர். ஸ்டாண்ட்-பை பெட் என்ற அறைச் சோதனைக்கு அலமாரிச் சட்டைகளை விளிம்பு பிசகாமல் அடுக்கியவர். சார்ஜண்டுக்குப் பயந்து செய்த வேலையை அம்மாவுக்காகச் செய்ய மாட்டீர்களா? 'அவரே விரும்பித்தான் செய்கிறார்' என்பீர்கள். செய்வார்தான். கேட்காமலே செய்கிறவரிடம் 'போதும்மா' என்று சொல்ல வேண்டியது பிள்ளையின் கடமை. ஹாலில் தங்கும் மகளின் மூட்டைக்காக எத்தனை அம்மாக்கள் ரயில் ஏறுகிறார்கள்? மகன் என்றால் மட்டும் இந்தச் சலுகை. இதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

இனி நாற்றத்துக்கு வருவோம். ஞாயிறு முதல் ஞாயிறு வரை அந்தத் துணி எங்கே கிடக்கிறது? கட்டிலுக்கடியில், வாய் கட்டிய பையில் என்றுதான் நினைக்கிறேன். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில்தான் 60 வரை இறங்கும். பந்தாடிய ஜெர்சியும் குளித்த துண்டும் மூடிய பைக்குள் காயவே காயாது. வியர்வையையும் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்களையும் தின்று பாக்டீரியா பெருகும். அந்தப் புளித்த வாடை அதிலிருந்து வருவது. அறையிலேயே இருக்கும் உங்கள் மூக்குக்கு அது பழகிவிட்டது. வெளியிலிருந்து வருகிறவருக்குக் கதவைத் திறந்ததுமே முகத்தில் அடிக்கும். அதனால்தான் முதல் வேலையாக ஜன்னலைத் திறக்கிறார். முணுமுணுக்காமல் நேரில் சொல்லியிருக்கலாம், அது அவர் தவறு. ஆனால் பை உங்களுடையது.

இன்றைக்கே அந்தப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, காற்று புகும் ஓட்டைக் கூடை ஒன்று வாங்குங்கள். ஈரமான எதையும் அதில் நேராகப் போடக் கூடாது. துண்டையும் ஜெர்சியையும் முதலில் ஹேங்கரில் காயவிட்டுப் பிறகு போடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை துவையுங்கள். ஞாயிறு மாலை ஹால் முழுவதும் சலவை அறையில்தான் நிற்கும், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வார நாளில் முதல் வகுப்புக்கு முன்னால் போனால் இயந்திரம் காலியாக இருக்கும். சட்டைப் பையில் டிஷ்யூ கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு டிஷ்யூ போதும், கறுப்புச் சட்டை எல்லாம் வெள்ளைப் பிசிறு. டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் திணிக்காதீர்கள், துணி புரள இடம் இல்லாவிட்டால் நனையுமே தவிர அழுக்குப் போகாது. திரவ சோப்பு, பாட்டில் மூடியில் இருக்கும் முதல் கோடு வரை போதும். வாடை போகட்டும் என்று இரண்டு மூடி ஊற்றுகிறவர்கள் பலர். அலசிப் போகாத சோப்பு நூலில் தங்கி, அழுக்கைப் பிடித்து வைத்து, வாடையைக் கூட்டும்.

ஏற்கெனவே வாடை ஏறிய துணிகளை ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கப் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு இயந்திரத்தில் போடுங்கள். அதோடு குளோரின் ப்ளீச்சை மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

கைப்பேசியில் அலாரம் வைத்து, இயந்திரம் நின்றதும் போய் எடுங்கள். தாமதித்தால் காத்திருக்கிறவர் உங்கள் ஈரத்துணியை அள்ளி மேலே குவித்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. உலர்த்தியைப் போடுவதற்கு முன் அதன் வலைத்தட்டை உருவிப் பாருங்கள். முன்னால் போட்டவரின் பஞ்சு அதில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். அதை உரித்துப் போடாவிட்டால் சூடான காற்று ஓடாது, 45 நிமிடம் கழித்தும் துணி ஈரம், மறுபடியும் காசு. ஜெர்சியை உலர்த்தியில் போட வேண்டாம், சூட்டில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும். அறையில் மடக்குக் கொடியில் உள்ளங்கை அகல இடைவெளி விட்டுப் போட்டு, ஜன்னலைத் திறந்து, ஃபேனை அதன் பக்கம் திருப்புங்கள். டிசம்பர், ஜனவரி மழையில் இதைப் பகலில் செய்தால்தான் காயும்.

ரூம்மேட் ஒரு மணிக்கு வருவது பெரிய குற்றம் இல்லை. ஹால்களில் ஆட்டப் பயிற்சியும் நாடக ஒத்திகையும் இரவு ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். அடுத்த ஆண்டு இடம் கிடைக்கச் சிசிஏ (இணைப்பாட நடவடிக்கை) புள்ளிகள் தேவைப்படுவதால் பலரும் விடாமல் போகிறார்கள். பெரிய விளக்கைப் போடாமல் மேசை விளக்கில் சமாளிக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால், 'வாடை என் துணியால்தான், இனி இருக்காது' என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். துவைத்து இரண்டு வாரம் கழித்தும் அவர் ஸ்பிரேயைத் தூக்கினால், அப்போது ஹால் அலுவலகத்தில் அறை மாற்றம் கேளுங்கள். காலி இடம் இருந்தால்தான் கிடைக்கும்.

வீட்டுக்குத் திரும்பும் பேச்சே வேண்டாம். தினம் மூன்று மணி நேரம் ரயிலிலும் பேருந்திலும் போகும், துணியும் தினம் தினம் அம்மா கைக்கே போகும்.

இன்றிரவே அம்மாவைக் கூப்பிட்டு, இந்த ஞாயிறு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்கள் தெம்பனிஸ் போங்கள். அழுக்குத் துணி ஒன்றுகூட உங்கள் பையில் இருக்கக் கூடாது. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருடைய சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) மூலம் ஹெல்த்ஹப் செயலியில் முட்டிவலிக்குப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) நேரம் எடுங்கள். உங்களுக்கு வகுப்பு இல்லாத காலையாகப் பார்த்து எடுங்கள், கூடப் போக வேண்டியவர் நீங்கள்.