மூன்று நாளுக்கும் ஒரே வார்ம்-அப் போதுமா?

கேள்வி: வாரத்தில் ஒரு நாள் அதிக எடையில் ஸ்குவாட், ஒரு நாள் மிதமான எடையில் 12 முறை வீதம் பல பயிற்சிகள், ஒரு நாள் தண்டாலும் புல்-அப்பும் செய்கிறேன். மூன்று நாளும் டிரெட்மில்லில் 15 நிமிடம் ஓடிவிட்டுத்தான் தொடங்குகிறேன். ஆனாலும் ஸ்குவாட் நாளில் முதல் செட் (இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று) மலையாகக் கனக்கிறது. ஏன்?

பதில்: ஓட்டம் உடலைச் சூடாக்கும். ஆனால், பளுவைத் தோளில் தாங்கிக் குந்தி எழுவதற்கு அது உங்களைப் பழக்காது. ஐந்து நிமிட வேகநடை போதும். வியர்வை அரும்பியதும் நிறுத்திவிடுங்கள். மிச்ச நேரம் பாருக்கு, அதாவது எடைத் தட்டுகளை மாட்டும் நீண்ட கம்பிக்கு, உரியது.

அன்றைய இலக்கு 100 கிலோவில் 5 முறை என்று வைத்துக்கொள்வோம். முதலில் 20 கிலோ எடையுள்ள வெறும் பாரில் 10 முறை. பிறகு 50 கிலோவில் 5, 70இல் 3, 85இல் 2, கடைசியாக 95இல் ஒரே ஒரு முறை. எடை ஏற ஏற எண்ணிக்கை இறங்க வேண்டும்; இல்லையென்றால் இலக்கைத் தொடும் முன்பே களைத்துவிடுவீர்கள். 95க்குப் பிறகு இரண்டு மூன்று நிமிடம் ஓய்வெடுங்கள். வெறும் பார்தானே என்று பலர் அதை அவசரமாக முடித்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். குதிகால் தரையை விட்டு எழுகிறதா, முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்பதெல்லாம் அந்தப் பத்து முறையிலேயே தெரிந்துவிடும்.

12 முறை செய்யும் நாளில் இவ்வளவு படிகள் வேண்டாம். முதல் பயிற்சிக்கு மட்டும் பாதி எடையில் ஒன்று, முக்கால் எடையில் ஒன்று என இரண்டு செட் போதும். அதே தசைக்கான அடுத்த பயிற்சிக்குப் பெரும்பாலும் தனியாக எதுவும் தேவைப்படாது.

தண்டால் நாளில் குறைப்பதற்கு எடை இல்லை. ஆகவே சாய்வைத்தான் மாற்ற வேண்டும். முதலில் சுவரில் கையூன்றி, அடுத்து பெஞ்சில், பிறகு தரையில். அதற்கு முன் மண்டியிட்டு, உள்ளங்கைகளைத் தரையில் பதித்து, உடலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து மணிக்கட்டைத் தயார்செய்யுங்கள். புல்-அப்புக்கு, கம்பியில் தொங்கியபடி முழங்கையை மடக்காமல் தோள்பட்டைகளை மட்டும் கீழே இழுத்து விடுங்கள். ஐந்தாறு முறை போதும்.

ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பிடித்து நிற்கும் பயிற்சிகளைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். பளு தூக்கும் முன் செய்தால் வலு சற்றுக் குறையும். வார்ம்-அப் செட்கள் கூடக் கூட மூட்டு வலியும் கூடினால், அன்று அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.