ஜப்பானிய அழகியல் என்றாலே வாபி-சாபிதானா?

நவீன சிற்பத்திலும் மட்பாண்டக் கலையிலும் ஜப்பானிய அழகியல் எனப்படுவது, கோணலையும் விரிசலையும் ரசிக்கும் வாபி-சாபி மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். தேநீர்ச் சடங்கோடு வளர்ந்த அந்த ரசனையோடு மல்லுக்கட்டித்தான் அங்கே நவீன மட்பாண்டக் கலை பிறந்தது என்பேன். (அலங்காரப் பொருள் விளம்பரங்களில் அடிபடும் வாபி-சாபியை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.)

1948இல் கியோட்டோவில் யாகி கசுவோ, சுசுகி ஒசாமு, யமடா ஹிகாரு முதலான இளம் குயவர்கள் சோதெய்ஷா என்ற குழுவைத் தொடங்கினார்கள். மண்ணில் செய்வது புழங்கும் பாத்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை அவர்கள் ஏற்கவில்லை. குயவரின் மகனான யாகி 1954இல் செய்த 'திரு. சம்சாவின் நடை' அதற்குச் சரியான சான்று. காஃப்காவின் கதையில் பூச்சியாக மாறிவிடும் சம்சாதான் அவர். சக்கரத்தில் வனைந்த வளையமொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, சக்கரத்திலேயே வனைந்த சிறு குழாய்களை யாகி அதன்மேல் அங்கங்கே ஒட்டியிருக்கிறார். சில குழாய்கள் கால்களாகி வளையத்தைத் தாங்க, மற்றவை வாயைத் திறந்தபடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் ஊற்றிவைக்கவோ பூச்செருகவோ அது உதவாது. ஆயினும் சக்கரத்தை அவர் விடவில்லை என்பதைக் கவனியுங்கள்: பாத்திரம் வனையும் அதே கைப்பழக்கத்தைக் கொண்டு பாத்திரமல்லாத ஒன்றை உருவாக்கியிருப்பதால், மரபை வெறுமனே உதறியவர்களைவிட அவரையே நான் மேலாக மதிக்கிறேன்.

ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் 1904இல் பிறந்த சிற்பி இசாமு நொகுச்சி வந்த வழி வேறு. பாரிஸில் சிற்பி பிராங்குசியிடம் உதவியாளராக இருந்த அவர், 1952இல் கமகுராவில், சமையலிலும் மட்பாண்டத்திலும் பேர்பெற்ற கிதாஓஜி ரோசன்ஜினின் இடத்தில் தங்கிச் சுடுமண் சிற்பங்கள் செய்தார். வாபி-சாபிக்கு அருகில் வருபவை, ஷிகோகு தீவின் முரே என்ற ஊரில் கல்தச்சர் இசுமி மசதோஷியின் துணையோடு அவர் பிற்காலத்தில் செதுக்கிய எரிமலைப் பாறைச் சிற்பங்கள்தாம். மழையிலும் வெயிலிலும் பழுப்பேறிய பாறையின் மேல்தோலைப் பல இடங்களில் தொடாமல் விட்டுவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி, முகம் தெரியும் அளவுக்குக் கருகருவென மெருகேற்றியிருப்பார். உளி பட்ட தடங்களையும் அழிக்கமாட்டார். எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்ற அந்தத் தீர்மானத்தில்தான் பழைய ரசனை அவரிடம் வேலைசெய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நேரில் பார்க்க விரும்பினால், அவருடைய முரே பட்டறை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டே செல்ல வேண்டும். நியூயார்க்கில் அவரே 1985இல் திறந்த அருங்காட்சியகத்திலும் இந்தப் பாறைச் சிற்பங்களைப் பார்க்கலாம்.