ஐஸ் மோடும் அஞ்சு பாகத் தண்ணியும்

கேள்வி: தங்கச்சிமடத்தில் பைபர் வள்ளம் வைத்துத் தூண்டில் தொழில் செய்கிறேன். ஆன்லைனில் ஒரு ஃபிஷ் ஃபைண்டர் (தண்ணிக்குள் ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் மெஷின்) வாங்கினேன். பெட்டியில் உறைந்த ஏரியைத் துளை போட்டு மீன் பிடிக்கிற படம். வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) ஓட்டிப் பார்த்தால் திரை முழுக்க மீன், தூண்டிலில் ஒன்றுமில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: மெஷினை ஏரிக்குச் செட் பண்ணி அனுப்பியிருக்கிறார்கள். கடலுக்கு மாற்றுவது உங்கள் வேலை.

முதலில் மெனுவில் தண்ணீர் வகையை 'சால்ட்' ஆக்குங்கள். உறையும் ஏரித் தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1400 மீட்டர் ஓடும். நம் வெதுவெதுப்பான கடலில் 1540 பக்கம். மாற்றாவிட்டால் ஆழத்தைக் குறைத்துக் காட்டும். அடுத்து, மீன் பொம்மை போடும் 'ஃபிஷ் ஐடி'யை அணைத்துவிடுங்கள். சொறி (ஜெல்லிமீன்), கடல்தாழை, காற்றுக்குமிழ் எல்லாவற்றுக்கும் அது மீன் பொம்மைதான் போடும். கடையில் டெமோவில் நீந்துகிற மீன்களும் இந்த வகைதான், வாங்குகிறவர்கள் கவனிக்க.

உறைந்த ஏரிக்கான செட்டிங்கான ஐஸ் மோடை விட்டு வெளியே வந்து, ஆழ வரம்பை ஆட்டோவிலிருந்து எடுத்து 20 மீட்டரில் நிறுத்துங்கள். அஞ்சு பாகத்தில், அதாவது 9 மீட்டரில், தரைக்கோடு ஒன்று தெரியும். சென்சிட்டிவிட்டியைக் கூட்டிக்கொண்டே போனால் 18 மீட்டரில் இரண்டாவது கோடு மங்கலாக எழும்; அது தரையில் இரண்டு முறை பட்டு வந்த எதிரொலி. அங்கே நிறுத்தி, நடுத்தண்ணியில் இருக்கும் பொடிப்புள்ளிகள் மறையும்வரை ஒரு படி இரண்டு படி குறையுங்கள். சேற்றில் இரண்டாவது கோடு மெலிந்திருக்கும். பார் (கடலடிப் பாறை) வந்தால் தடிக்கும். பாரில் கலவா, விளைமீன் தேடுகிறவருக்கு மீன் பொம்மையை விட இந்தக் கோடுதான் காசு.

புள்ளிகள் இன்னும் போகவில்லையா? நங்கூரம் போட்டு எஞ்சினை அணைத்துப் பாருங்கள். திரை சுத்தமாக இருந்தால், நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை ஏற்றுங்கள். அப்போதே கோடுகோடாக வந்தால் அது மின் இரைச்சல்: மெஷினுக்குத் தனி 12 வோல்ட் பேட்டரி கொடுங்கள், சென்சார் (தண்ணிக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் உறுப்பு) வயரை எஞ்சின் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஓடும்போது மட்டும் வந்தால் சென்சாருக்குக் கீழே காற்றுக்குமிழ். பெட்டியில் வந்த ஐஸ் சென்சார் கயிற்றில் தொங்குவதற்கென்றே செய்யப்பட்டது; ஓடுகிற வள்ளத்தில் சாய்ந்துவிடும். பின்பலகையில் பொருத்தும் சென்சார் தனியாக வாங்கி, புரொப்பல்லரிலிருந்து 40 சென்டிமீட்டராவது தள்ளி, முகம் நேர் கீழே பார்க்கும்படி, அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே பொருத்துங்கள். அதே பிளக், அதே ஒலி அதிர்வெண்தானா (கிலோஹெர்ட்ஸ்) என்று பார்த்து வாங்குங்கள்.

ஐஸ் மோடைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நங்கூரம் போட்டுத் தூண்டில் இறக்கும்போது உங்கள் வள்ளமும் அந்தத் துளை மாதிரிதான். தொங்கும் சென்சாரை இறக்கி, அதன் பக்கத்திலேயே தூண்டில் ஈயத்தை விடுங்கள். திரையில் சரிந்து இறங்கும் கோடாகத் தெரியும். மீன் கீழே வந்து நின்றால் வளைவாக வராது, படுக்கைக் கோடாக நீளும். சென்சாரின் 20 டிகிரி ஒலிக்கதிர் 9 மீட்டரில் சுமார் 3 மீட்டர் வட்டத்தைத்தான் பார்க்கும். நீவாட்டில் (நீரோட்டத்தில்) ஈயத்தின் கோடு காணாமல் போனால் ஈயத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: இதே மெஷின்தான். ஆன்லைன் பக்கத்தில் 'கடல் படகுக்கு ஏற்றது' என்றிருந்தது, கையேட்டில் நன்னீருக்கு மட்டும் என்கிறது. தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்கிறார் விற்றவர்.

பதில்: அது தவறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரும் நுகர்வோர்தான். அந்த ஆன்லைன் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாறியிருக்கலாம். பில், பெட்டி, கையேட்டின் அந்தப் பக்கம் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. செட்டிங் மாற்றினால் சரியாகும் விஷயத்தைக் குறையாக எழுதாதீர்கள். பொய் விளம்பரத்தை மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: கீழக்கரை. தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) 30 பாகம் போகிறோம். 50 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமா?

பதில்: 55 மீட்டருக்கு 200 போதும். மர வள்ளம் என்றால் சென்சாரை உள்ளே ஒட்டாதீர்கள். பலகை ஒலியைத் தின்றுவிடும்.