ஃப்ரிட்ஜைக் கண்டுபிடித்தது யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளியில் ஃப்ரிட்ஜைக் கண்டுபிடித்தவர் பெயரை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். தேடினால் ஆளுக்கொரு பெயர் வருகிறது. எதை எழுதுவது?

ஒரு பெயரை எழுதினால் இன்னும் நாலு பேருக்குக் கோபம் வரும். 1834இல் லண்டனில் ஜேக்கப் பெர்கின்ஸ் காப்புரிமை வாங்கிய முறைதான் இன்றும் நம் வீட்டில் ஓடுகிறது. திரவத்தை ஆவியாக விட்டால் சுற்றியிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்த ஆவியை அழுத்தி, சூட்டை வெளியே தள்ளி, திரும்பத் திரவமாக்கிக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கையை வைத்தால் சுடுகிறதே, அதில் நீங்கள் மதியம் உள்ளே வைத்த சாம்பாரின் சூடும் சேர்த்தி.

ஃபுளோரிடாவில் ஜான் கோரி என்ற டாக்டர், காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்கப் போய், ஐஸ் செய்யும் இயந்திரத்தில் வந்து நின்றார். 1851இல் காப்புரிமை கிடைத்தது, முதலீடு கிடைக்கவில்லை. 1855இல் இறந்துபோனார்.

வீட்டுக்குள் வந்த கதை தனி. 1913இல் சிகாகோவில் ஃபிரெட் வுல்ஃப் விற்ற ‘டொமெல்ரே’ முழு ஃப்ரிட்ஜ்கூட இல்லை. வீட்டிலிருக்கும் ஐஸ் பெட்டியின் தலையில் பொருத்துகிற மெஷின். குடும்பங்கள் நம்பி வாங்கியது 1927இல் வந்த ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ‘மானிட்டர் டாப்’. மோட்டாரையும் கம்ப்ரஸரையும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைத்து சீல் வைத்து, பெட்டியின் உச்சியில் உருண்டையாக உட்கார வைத்திருந்தார்கள். மானிட்டர் என்ற பழைய போர்க்கப்பலின் பீரங்கிக் கூண்டு மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். பத்து லட்சத்துக்கு மேல் தயாரானது.

என்னைக் கேட்டால் பெர்கின்ஸ் என்று எழுதுங்கள். மார்க் போடுவது டீச்சர் பாடு.

சென்னை ஐஸ் ஹவுஸில் அந்தக் காலத்திலேயே ஐஸ் தயாரித்தார்களா?

தயாரிக்கவில்லை, வைத்து விற்றார்கள். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை ரம்பத்தால் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி அனுப்பிய ஐஸ் அது. 1833இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தது. சென்னைக் கிடங்கு 1842இல் கட்டியது. மெஷின் ஐஸ் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. விவேகானந்தர் இல்லம் என்று இப்போது நாம் பார்க்கும் கட்டடம் அதுதான்.

ஐன்ஸ்டைன் ஃப்ரிட்ஜ் செய்தார் என்று ஃபார்வர்டு வந்தது. உண்மையா?

அபூர்வமாக, உண்மைதான்.

1920களில் ஃப்ரிட்ஜுக்குள் ஓடியது சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு, அமோனியா. எல்லாமே விஷம். மோட்டார் தண்டு சுற்றுமிடத்தில் சீல் தேய்ந்தால் கேஸ் வீட்டுக்குள் வரும். பெர்லினில் ஒரு குடும்பமே இப்படித் தூக்கத்தில் செத்துப்போன செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டைனும் இளம் இயற்பியலாளர் லியோ சிலார்டும் 1926இல் வேலையைத் தொடங்கினார்கள். அசையும் பாகமே இல்லையென்றால் சீல் எதற்கு, கசிவு எங்கே? யோசனை இவ்வளவுதான். காந்தப்புலத்தால் திரவ உலோகத்தைத் தள்ளும் பம்பு ஒன்றையும் உருவாக்கினார்கள். ஓடியது, ஆனால் சத்தம் தாங்கவில்லை. 1930இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தும் கடைக்கு வரவில்லை. (ஐன்ஸ்டைன் வாலிபத்தில் காப்புரிமை அலுவலகத்தில் குப்பை கொட்டியவர். விண்ணப்பம் எழுதுவதை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.)

அதற்குள் ஃப்ரியான் என்ற புதுக் குளிரூட்டும் கேஸ் வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்த தாமஸ் மிட்ஜ்லி 1930இல் சபை நடுவே அந்தக் கேஸை மூச்சில் இழுத்து, ஊதி, மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமில்லை, தீப்பிடிக்காது, வேறென்ன வேண்டும்? அது ஓசோனைத் தின்னும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் சொன்னது 1974இல். அதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லும் மான்ட்ரியல் ஒப்பந்தம் 1987இல் கையெழுத்தானது.

புது ஃப்ரிட்ஜ் கேஸ் தீப்பிடிக்கும் என்கிறார் மெக்கானிக். பயமாக இருக்கிறது.

பின்பக்கம் கம்ப்ரஸர் அருகே ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர்-600ஏ என்றிருந்தால் ஐசோபியூட்டேன்; சிகரெட் லைட்டரில் இருப்பதற்குச் சொந்தக்காரன். பக்கத்திலேயே மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுவாலை இருக்கும். ஓசோனுக்குக் கேடில்லை என்பதால் 1990களில் ஜெர்மனியில் தொடங்கிப் பரவியது. ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் நூறு கிராமுக்கும் கீழேதான். ஓடுகிற ஃப்ரிட்ஜைக் கண்டு பயப்பட வேண்டாம். கேஸ் ஏற்றும்போதுதான் கவனம்: ஜன்னல் திறந்திருக்கட்டும், பழைய கேஸ் முழுக்க வெளியேறாமல் குழாயில் பற்றவைக்கும் டார்ச் வைக்கக் கூடாது. தீப்பிடிக்காத பழைய ஆர்-134ஏ கேஸின் பழக்கத்தில் அவசரப்படுகிற ஆளை விட்டுவிடுங்கள்.

பழைய ஃப்ரிட்ஜில் கைப்பிடியைத் திருகித் திறக்கும் பூட்டு இருந்ததே, ஏன் போயிற்று?

அந்தப் பூட்டை உள்ளேயிருந்து திறக்க முடியாது. தூக்கிப்போட்ட ஃப்ரிட்ஜுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956இல் சட்டமே போட்டது. அதன் பிறகு ரப்பர் கேஸ்கட்டுக்குள் காந்தப் பட்டை வந்தது. தாத்தா வீட்டு மாடியில் பூட்டுப் போட்ட பழையது இன்னும் கிடந்தால், காயலான் கடைக்காரர் வரும்வரை காத்திருக்காமல் கதவை இன்றே கழற்றி வையுங்கள்.