முதலில் ஒரு சோதனையை உடைத்துப் பாருங்கள்

கேள்வி: நானும் நண்பர்கள் இருவரும் ஓய்வு நேரத்தில் ஒரு கட்டற்ற மென்பொருளைப் பராமரிக்கிறோம். யாராவது திருத்தம் அனுப்பினால் சோதனைகளைத் தானாக ஓட்டிப் பார்க்கும் சிஐ சேவையின் இலவச நிமிடங்கள், மாதப் பாதியிலேயே தீர்ந்துவிடுகின்றன. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தின் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கு மாறலாம் என்கிறார் ஒருவர். எதற்கு வம்பு என்கிறார் மற்றவர். மாறலாமா?

பதில்: மாறுங்கள். ஆனால் பழையதை ஒரே நாளில் அணைத்துவிடாதீர்கள். இரண்டு வாரமாவது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும்.

திறமூலத் திட்டங்கள் பலவற்றுக்கு இந்த வசதியை இலவசமாகப் பழக்கியது, 2011-இல் தொடங்கிய டிராவிஸ் சிஐ. 2020 நவம்பரில் அதன் கட்டண முறை மாறியது. 2021 ஜூனில் திறமூலத்துக்கென்றே இருந்த தளம் மூடப்பட்டது. ஏராளமான திட்டங்கள் அப்போது அங்கிருந்து வேறு சேவைகளுக்கு மூட்டை கட்டின. நீங்கள் போக நினைக்கும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் 2019 நவம்பரில் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. பொதுக் களஞ்சியங்களுக்கு, அதாவது நிரலை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கும் இடங்களுக்கு, அதன் வழக்கமான கணினிகள் இலவசம். அதற்காக எல்லா வேலையையும் என்னென்ன ஓட வேண்டும் என்று அந்தச் சேவைக்குச் சொல்லும் யாம்ல் என்ற அமைப்புக் கோப்பிலேயே எழுதிவிடாதீர்கள். நிறுவுவது, தொகுப்பது, சோதிப்பது எல்லாம் உங்கள் களஞ்சியத்தில், கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு ஸ்கிரிப்டாக இருக்கட்டும். யாம்ல் அதை அழைத்தால் போதும். அடுத்த முறை வீடு மாறும்போது சுமை குறைவு.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு திட்டத்தை வேறு சேவைக்கு மாற்றியபோது, சோதனை முடிவுகளை ஒரு பதிவுக்கோப்பிலும் சேமிக்க அவற்றை பைப் வழியாக (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கடத்தும் வழி), திரையிலும் கோப்பிலும் எழுதும் ‘டீ’ கட்டளைக்கு அனுப்பியிருந்தேன். ஒரு கட்டளை 0 என்ற எண்ணோடு முடிந்தால் வெற்றி, வேறு எண் வந்தால் தோல்வி. பைப் போட்டால் கடைசிக் கட்டளையின் எண்தான் கணக்கு. சோதனை தோற்றாலும் ‘டீ’ வெற்றிகரமாக எழுதி முடித்து 0 கொடுத்துவிடும். இதைத் தடுக்கும் ‘பைப்ஃபெயில்’ என்ற ஒரு வரி பழைய அமைப்பில் இருந்தது. மாற்றும்போது நான் அதை விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து, தேதிகள் தவறாக வருகின்றன என்று ஒரு பயனர் எழுதினார். பதிவுக்கோப்பைத் திறந்தேன். ‘தோற்றவை: 2’ என்று தெளிவாக இருந்தது. ஆனால் அந்த ஓட்டத்துக்கு நேராக, வெற்றி என்று சொல்லும் பச்சைக் குறி. நம்பிப் பதிவிறக்கியவர்களை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

ஆகவே மாறிய முதல் நாளே ஒரு சோதனையை வேண்டுமென்றே உடைத்து அனுப்புங்கள். சிவப்பு விழுகிறதா என்று கண்ணால் பாருங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் கட்டளைகளை இயக்கும் ஷெல் எது என்று குறிப்பிடாமல் விட்டால் பைப்ஃபெயில் இயங்காது. ‘பாஷ்’ என்று ஷெல்லின் பெயரை வெளிப்படையாக எழுதினால் இயங்கும். பிறகு இரு சேவைகளிலும் ஓடிய சோதனைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். புதிய இடத்தில் தரவுத்தளம் இல்லையென்றால் சில சோதனைகள் சத்தமில்லாமல் தவிர்க்கப்பட்டிருக்கும். பைத்தான் 3.10 என்று எழுதும்போது மேற்கோள் குறி போடுங்கள். இல்லாவிட்டால் யாம்ல் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு 3.1 ஆக்கிவிடும்.

பிற சேவைகளுக்குள் நுழையச் சாவியாக இருக்கும் ரகசிய டோக்கன்களைப் பழைய இடத்திலிருந்து தூக்கி வராதீர்கள். புதிதாக உருவாக்கிப் பழையவற்றை ரத்துசெய்யுங்கள். உங்கள் ஓட்டத்தில் சேர்த்துக்கொள்ளப் பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்களான ஆக்‌ஷன்களைப் பதிப்புப் பெயரால் அல்லாமல், நிரலின் ஒரு குறிப்பிட்ட நிலையை மட்டும் சுட்டும் 40 எழுத்துள்ள முழு கமிட் எண்ணால் குறிப்பிடுங்கள். 2025 மார்ச்சில், பலரும் பயன்படுத்திய ஓர் ஆக்‌ஷனின் பதிப்புப் பெயர்களையெல்லாம் யாரோ தீய நிரலுக்குத் திருப்பிவிட்டார்கள்; திட்டங்களின் ரகசியங்கள் பதிவுகளில் கொட்டின. முழு எண்ணைக் குறித்து வைத்திருந்தவர்களை அந்தத் திருப்பம் எட்டவில்லை.

இன்னொன்று. திருத்தங்கள் இறுதியில் சேரும் முதன்மைக் கிளையைக் காக்கும் அமைப்பில், கட்டாயம் தேற வேண்டிய சோதனையாகப் பழைய சேவையின் பெயர் இருக்கும். அதை நீக்காவிட்டால், இனி வரவே வராத ஒரு பதிலுக்காக எல்லாத் திருத்தங்களும் காத்துக் கிடக்கும். முதன்முறையாகத் திருத்தம் அனுப்பியவர் தன்மேல்தான் தவறு என்று எண்ணிப் போய்விடுவார். பழைய சேவையை அணைக்கிற அன்றே அந்தப் பெயரையும் எடுத்துவிடுங்கள்.