‘பலன்ஸ்’ (balance) என்பதற்குத் தமிழில் ஒரே சொல் உண்டா?

இல்லை. எதைச் சொல்ல வருகிறோம் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும்.

யாழ்ப்பாணத்தில் மினி பஸ்ஸில் ஏறினால் “அண்ணை, மிச்சக் காசு தாங்கோ” என்போம். இங்கே பலன்ஸ் என்றால் மிச்சக் காசு. வங்கிக் கணக்கில் இருப்பது மீதி. போனில் மட்டும் பலன்ஸ் பலன்ஸ்தான், அதை மாற்ற நான் மெனக்கெடுவதில்லை. இலங்கை வணிகப் பாடத்தில் ‘பரீட்சை மீதி’ (trial balance) வரும். ஐந்தொகையில் (balance sheet) இரண்டு பக்கமும் ஒத்து வரவேண்டும். பொருளியலிலோ அதே சொல் நிலுவையாகிவிடும்: வர்த்தக நிலுவை (balance of trade), சென்மதி நிலுவை (balance of payments). தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இவற்றுக்கு வேறு சொற்கள், குழம்ப வேண்டாம்.

சைக்கிள் பழகும்போது வேண்டியது சமநிலை. ஆனால் யாரும் அப்படிக் கத்துவதில்லை, “விழாமல் பிடி” என்றுதான் கத்துவார்கள். கோபத்தில் மனம் தளம்பாமல் இருப்பதற்கு எனக்கு நிதானம் என்பதே பிடிக்கும், ‘மனச் சமநிலை’ கொஞ்சம் மருத்துவ அறிக்கை போல இருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன், இரண்டு தட்டுள்ள தராசு என்று பொருள். நம்மிடமும் தராசுக்குத் துலாம் என்ற பெயர் உண்டு. எங்கள் தோட்டக் கிணறுகளில் தண்ணீர் இறைத்த துலா என்ற நீண்ட மரமும் அதன் உறவுதான். ஒருவர் அந்த மரத்தின் மேலே ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, தண்ணீர் அள்ளும் பட்டை இறங்கி ஏறும். நடப்பவர் பலன்ஸ் தவறினால் கிணற்றுக்குள்தான்.